ஜமீனின் கடைவாய்ப் பல்

ஏப்ரல் 9, புதன்

மகள் கொடி வாங்கிக் கொடுத்த டைரி இது. "சும்மா சுவரோட பேசிக்கிட்டு இருக்காதப்பா, இதுல எழுது" என்றாள். நான் எங்கே சுவரோட பேசினேன்? முயலோட பேசினேன். அது சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தா அதுக்கு நானா பொறுப்பு?

சரி, எழுதறேன். பெயர் மாசிலாமணி. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். திருச்சி எடமலைப்பட்டிபுதூரில் சொந்த வீடு. மனைவி கல்யாணி போய் மூணு வருஷம் ஆச்சு. ஒரே மகள் பொற்கொடி, பிசியோதெரபிஸ்ட். அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி மஸ்கட் போறாள். பெரிய ஆஸ்பத்திரி, ரெண்டு வருஷ ஒப்பந்தம்.

வீட்டில் மூணாவது ஆள் ஜமீன். வெள்ளை முயல், ஒரு காது மட்டும் சாம்பல். ஒரு வேலையும் செய்யாமல், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அவனவன் கொண்டுவந்து கொடுப்பதைத் தின்பதால் இந்தப் பெயர். வெச்சது நான்தான்.

"நான் போனப்புறம் தனியா இருந்துக்குவியாப்பா?" என்று இன்னைக்கும் கேட்டாள். தினம் கேட்கிறாள். "ராஜா மாதிரி இருப்பேன்" என்றேன். அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தப்ப சென்னையில் வந்த வேலையை வேண்டாம்னு சொன்னவள் இவள். இந்தத் தடவையும் விட்டுட்டாள்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்? அவள் போகணும். அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 10, வியாழன்

ராத்திரிக்குச் சப்பாத்தியும் குருமாவும். கொடி மூணு வெச்சாள். தட்டு காலி.

ஏப்ரல் 12, சனி

இடது பக்கக் கடைவாயில் கொஞ்சம் கூச்சம். கூச்சம்தான், வலி இல்லை. கிராம்பு வெச்சால் சரியாகிவிடும். சரியாகலைன்னாலும் வலது பக்கம்னு ஒண்ணு இருக்கே.

கல்யாணி இருந்தவரைக்கும் இந்த வீட்டில் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது. மிச்சம் வெச்சவனை அவள் பார்க்கிற பார்வையில் மறுவேளைச் சோறு இறங்காது. மீறி மிஞ்சினதும், கழனித்தண்ணியும், காய்கறித் தோலும் பின்தெரு மாட்டுக்குப் போகும். இப்போ பின்தெருவில் மாடு இல்லை, கார் ஷெட்தான் இருக்கு. மாட்டுக்கு வைக்கிறதைக் காருக்கா வைக்க முடியும்? வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன் மேஜைக்கு அடியில் வந்து என் கால் பெருவிரலை மோந்துக்கிட்டு நின்னா, மனுஷன் என்ன செய்வான்.

ஜமீனுக்குன்னு கொடி ஒரு மூட்டை காய்ந்த புல் வாங்கி மாட்டியிருக்காள். நம்ம வீட்டில் இருக்கிற ஒருத்தருக்குச் சோத்துக்குப் பதிலா காய்ஞ்ச புல்லா? எனக்குச் சரியாப் படலை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், மசால் வடை, பாயசம். கொடியே எல்லாம் செய்தாள். வடை அவள் அம்மா கைப்பக்குவம், கடிச்சா அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பாயசம் ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

"வடை எப்படிப்பா?"

"பிரமாதம்."

"இன்னும் ரெண்டு வைக்கவா?"

"வெச்சுட்டு நீ போய் போனைப் பாரு, அடிச்சுது."

போன் அடிக்கவே இல்லை. பாவம், போய்ப் பார்த்துட்டு வந்தாள். அதுக்குள்ள தட்டு காலி. "அம்மா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றாள். எனக்கு என்னமோ போல இருந்துச்சு. ஜமீனும் மேஜைக்கு அடியில் கொஞ்சம் திருதிருன்னு முழிச்சுது. கடலைப்பருப்பு ஒத்துக்காதோ என்னமோ.

ஏப்ரல் 16, புதன்

வலது பக்கமும் இப்போ அதே கூச்சம்.

பிப்ரவரியில் ஒரு பல் டாக்டரிடம் தெரியாத்தனமாகப் போயிட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துட்டு, "இதுல பாதி தேறாது ஐயா, எடுத்துட்டு பல் செட் கட்டிக்கலாம்" என்றார். ஒரு வாய் தண்ணியைக் கொப்பளிச்சுத் துப்பிட்டு வெளியே வந்தவன்தான். எனக்கு ஊசின்னா பயமெல்லாம் கிடையாது. வெயில் ஜாஸ்தி, அதனால வந்துட்டேன். அப்போ கொடி விசா பேப்பரோட அலைஞ்சுக்கிட்டு இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்னு தெரியாதா? பெட்டியைப் பிரிச்சுத் துணியைத் திரும்ப பீரோவில் அடுக்கிடுவாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் ஜமீன் புழுக்கையைப் பெருக்குவது என் வேலை. வழக்கமாகக் கொண்டைக்கடலை சைஸில் உருண்டையாகக் கிடக்கும். இன்னைக்கு மிளகு சைஸ், அதுவும் ஒரு கைப்பிடிகூட இல்லை. மோவாய்க்கட்டை ஈரமாக இருக்கு. எச்சில் ஒழுகுது. சப்பாத்தியை மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுது.

யாரோ எதையோ கொடுக்கிறாங்க. முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனை முழியை வெச்சே பிடிச்சவன் நான். டிக்கெட் எடுத்தவன் என்னைக் கண்டதும் பையைத் துழாவுவான். எடுக்காதவன் ஜன்னல் வழியா மும்முரமா வேடிக்கை பார்ப்பான், இல்லைன்னா தூங்குவான். இந்த விஷயத்தில் எனக்கு உடனே சந்தேகம் வந்தது மாடி வீட்டு ரெஜினா மேல். வாடகைக்கு இருக்கிறவங்க, நல்ல பொம்பளை, ஆனா கைக்கு வேலை இல்லைன்னா யாருக்காவது எதையாவது ஊட்டிவிடுவாங்க.

படியிலேயே மடக்கினேன். "ஜமீனுக்கு என்னம்மா கொடுத்தீங்க?"

"ஒரு துண்டு கேரட்டுண்ணே. என்னைக்காவதுதான்."

"என்னைக்காவதுன்னா?"

"தினமுந்தான்."

பிடிச்சாச்சு. இனிமேல் யாரும் அதுக்கு எதையும் கொடுக்கக்கூடாதுன்னு கறாராகச் சொல்லிட்டேன். ரெஜினா கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "ஏண்ணே, சட்டை உங்களுதுதானா? தொளதொளன்னு கிடக்கு" என்றாங்க. கேஸைத் திசை திருப்பப் பார்க்கிறாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கேரட்டை நிறுத்தியும் முன்னேற்றம் இல்லை. குருமாவில் இருந்து ஒரு உருளைக்கிழங்கை மட்டும் கழுவிக் கொடுத்தேன், தெம்புக்கு. தொடவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஜமீன் மூலையில் முதுகைக் கூனிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருக்கு. நறநறன்னு பல்லைக் கடிக்குது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. கொடி வேலைக்கு லீவு சொல்லிட்டாள். துண்டில் சுத்தி, ஆட்டோ பிடிச்சு, கால்நடை டாக்டர் நஸ்ரினிடம் போனோம். சின்னப் பொண்ணு, ஆனா கெட்டிக்காரி.

"என்ன சாப்பிடுது அங்கிள்?"

"புல்லுதான்."

காது பார்க்கிற லைட் மாதிரி ஒண்ணை அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்தாங்க. பிறகு கொடியையும் பார்க்கச் சொன்னாங்க. கடைவாய்ப் பல் உள்பக்கமாக முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் கிழிச்சிருக்காம்.

"முயலுக்குப் பல்லு சாகிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும் அங்கிள். புல்லை நாளெல்லாம் அரைச்சு அரைச்சுத்தான் அது தேயணும். மெத்துமெத்துன்னு தின்னா தேயாது. பல்லு குத்தினா வலியில தின்னாது. தின்னலைன்னா குடல் ஓடாது, வயிறு உப்பிடும். அப்படியே ஒரு நாள் விட்டா உயிருக்கே ஆபத்து." வயித்தைத் தடவிப் பார்த்தாங்க. "இது புல்லு தின்ன வாய் இல்லையே. சப்பாத்தி, பிஸ்கட், சோறு, இந்த மாதிரி யாராவது கொடுக்கிறீங்களா?"

"இல்லையே டாக்டர்" என்றாள் கொடி.

நான் ஜன்னல் வழியா வெளியே பார்த்தேன். எதிரே ஒரு பெயிண்ட் கடை. நல்ல கடை.

"வலின்னா இது கத்தாது. கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும்" என்றாங்க டாக்டர். "காட்டுல வலியைக் காட்டினா நரி தூக்கிட்டுப் போயிடும்னு அதுக்குப் பயம்."

வலி மருந்தும் குடல் ஓட மருந்தும் கொடுத்து, தோலுக்கு அடியில் குளுக்கோஸ் ஏத்தினாங்க. கொஞ்சம் தேறினதும் மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்க்கணுமாம். அங்கேயே விட்டுட்டு வந்தோம்.

ஆட்டோ கிராப்பட்டி பாலத்து மேல வரும்போது கொடி சொன்னாள். "நான் போகலப்பா."

"என்னம்மா சொல்றே?"

"கூடவே இருக்கேன். கையில தூக்கிக் கொஞ்சறேன். அதுக்கு வலிக்குதுன்னே எனக்குத் தெரியல. உன்னை எப்படி விட்டுட்டுப் போறது? திங்கக்கிழமை மஸ்கட்டுக்கு மெயில் அனுப்பிடறேன்."

நான் செய்த காரியத்துக்கு அவள் தன்னைத் திட்டிக்கிறாள். ஆட்டோவில் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் சொல்லிவிடலாம்னு வாயைத் திறந்தேன். திறந்தாலே வலிக்குது. மூடிக்கிட்டேன்.

மத்தியானம் டாக்டர் நஸ்ரின் கொடிக்குப் போன் பண்ணினாங்க. ஜமீன் பிழைச்சிக்கும், நாளைக்குப் பல் வேலை செய்யலாம். இன்னொரு விஷயம், வாயைக் கழுவினப்ப கன்னத்து ஓரத்தில், பல் முள்ளுக்கு நடுவில் பழைய சப்பாத்தித் துணுக்கு ஒண்ணு சிக்கியிருந்துதாம்.

ராத்திரி சாப்பாட்டுக்குக் கொடி ஒரே ஒரு சப்பாத்தியை என் தட்டில் வெச்சாள். எதிரே உட்கார்ந்தாள். போனை எடுக்கலை, டிவி போடலை, என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாள்.

"சாப்பிடுப்பா."

"ஆறட்டும்."

"ஆறித்தான் இருக்கு."

ஒரு துண்டைப் பிச்சு வாயில் போட்டேன். இப்படித் தள்ளினேன், அப்படித் தள்ளினேன். மேஜைக்கு அடியில் காலை நீட்டினா அங்கே யாரும் இல்லை. கொடி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்னாள். கையை நீட்டினாள். நான் முப்பது வருஷம் நீட்டின அதே மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க.

"டிக்கெட் எடுங்க சார்."

எனக்குச் சிரிப்பு வரலை. வாயைத் திறந்தேன். போன் லைட்டை அடிச்சுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஜமீன் நாக்கில் இருந்த அதே மாதிரி புண், உடைஞ்ச பல் குத்திக் குத்தி என் நாக்கு ஓரத்திலும் இருக்கு. அது எனக்கே தெரியும்.

"எத்தனை நாளா?"

"பிப்ரவரி."

அப்படியே தரையில் உட்கார்ந்துட்டாள். அழுதாள். அவள் அழுது நான் கடைசியாப் பார்த்தது அவள் அம்மா காரியத்தன்னைக்கு. அன்னைக்குக்கூட இவ்வளவு கோபம் இல்லை.

"உனக்கு வலிச்சா சொல்ல மாட்டே, சரி. நீ திங்க முடியாததையெல்லாம் அதுக்குப் போட்டு அதையும் படுக்க வெச்சுட்டியே."

"அதுக்குக் கெடுதல்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா."

"டாக்டர் சொன்னப்ப தெரிஞ்சுதுல்ல? அப்ப ஏன் பேசல?"

"உனக்குத் தெரிஞ்சா போக மாட்டே."

"தெரியாம போயி? அங்க உட்கார்ந்துக்கிட்டு தினமும் போன் பண்ணுவேன். நீ 'நல்லா இருக்கேன்'ம்பே. அதை நான் எப்படிப்பா நம்புறது?"

மிச்சச் சப்பாத்தியை எடுத்து மூடி வெச்சேன்.

ஏப்ரல் 26, சனி

ஜமீனுக்குப் பல் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. கொடி முயலோட பேசுறாள். என்னோட பேசலை. ரெஜினாவுக்கு விஷயம் எப்படித் தெரிஞ்சுதோ, ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்து வெச்சாங்க. "கேரட் கேஸை வாபஸ் வாங்கிக்கிறேம்மா" என்றேன். "அதெல்லாம் நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேண்ணே, குடிங்க" என்றாங்க.

ஏப்ரல் 28, திங்கள்

ஜமீனுக்கு ஒரு பொடியைத் தண்ணியில் குழைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயோரமா ஊட்டணும். துண்டில் சுத்தி மடியில் வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்பட்டா புரை ஏறும். இதை நானே செய்றேன்னு வாங்கிக்கிட்டேன். கொடி பக்கத்தில் நின்னு கண்காணிச்சாள். அதுக்குப் பச்சைக் கூழ், எனக்குக் கேழ்வரகுக் கூழ். என் சட்டையில் ரெண்டும் இருக்கு.

சாயங்காலம் கூண்டில் புழுக்கை. மிளகு சைஸ்தான், ஆனா புழுக்கை. நான் போட்ட சத்தத்தில் கொடி ஓடி வந்தாள், ரெஜினா மாடியில் இருந்து எட்டிப் பார்த்தாங்க. மூணு பேரும் குனிஞ்சு நின்னு பார்த்தோம். கொடி என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டாள். சிரிச்சதை உடனே மறைச்சுக்கிட்டாள்.

மெயில் அனுப்பினியான்னு கேட்டேன். "இன்னும் இல்லை. நீ பல்லை எடுத்தா நான் பிளேன் ஏறுவேன். இல்லைன்னா கேன்சல்."

மே 2, வெள்ளி

ஜமீன் தானாகவே புல் தின்னுது. அரைக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்குது. இவ்வளவு நாள் காய்ஞ்ச புல்லுன்னு கேவலமா நினைச்சேன். அதுக்கு அதுதான் விருந்துன்னு இப்போதான் தெரியுது.

மே 3, சனி

பல் டாக்டரிடம் போகலை. கரண்ட் இல்லை. எங்க வீட்டில் இருந்துச்சு, அவங்க ஏரியாவில் இருக்காதுன்னு எனக்குத் தோணுச்சு.

மே 6, செவ்வாய்

போகலை. காலையில் இருந்து ஒரு மாதிரி படபடப்பு.

சரி, பயம்தான். எழுதிட்டேன். கொடியிடமும் சொல்லிட்டேன். "தெரியும்பா. நாற்காலிக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன்" என்றாள். பெட்டி இன்னும் பாதிதான் அடுக்கியிருக்கு. மூடி திறந்தபடியே கூடத்தில் கிடக்கு. போக வர அதைத் தாண்டித்தான் போறேன்.

மே 9, வெள்ளி

ரெண்டு தடவை டிமிக்கி கொடுத்ததில் விமானம் ஏறுகிற இன்னைக்குத்தான் டாக்டர் நேரம் கொடுத்தார். காலையில் கொடி என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாள். சொன்ன மாதிரி நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்னாள். மோசமானதை மட்டும் இன்னைக்கு எடுத்தார், மீதி போகப்போக. ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதுக்கா நான் பிப்ரவரியில் இருந்து ஓடினேன்? ரெண்டு பக்கமும் பஞ்சை வெச்சு, "கடிச்சுக்கிட்டே இருங்க ஐயா, பேசக்கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் துணியை எடுத்துப் பெட்டியில் வெச்சு மூடியை நானே அழுத்தினேன். அவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினாள்.

சாயங்காலம் ஏர்போர்ட். ரத்தம் இன்னும் கசிஞ்சதால் பஞ்சை மாத்தி மாத்தி வெச்சு, கன்னம் ரெண்டும் உப்பி, வாய் நிறையப் பஞ்சோட நான். ஊர் பூரா பேசின வாய், இன்னைக்குப் பார்த்துப் பேச முடியலை. கொடிதான் பேசினாள். ஜமீனுக்குப் புல் எப்பவும் நிறைய இருக்கணும், கேரட் வாரத்துக்கு ஒரு துண்டு, உனக்கு மாத்திரை, ரெஜினாக்காவிடம் சாவி. எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். உள்ளே விடுகிற வாசல்கிட்ட வந்ததும் நின்னுட்டாள்.

"நான் போனா நீ நல்லா இருப்பியாப்பா?"

இதுக்கு என்னிடம் பதில் ரெடியா இருக்கும். ராஜா மாதிரி இருப்பேன். அதைச் சொல்ல வாய் இல்லை. அவள் என் கண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தாள். வேடிக்கை பார்க்க அங்கே ஜன்னலும் இல்லை.

இல்லைன்னு தலையை ஆட்டினேன்.

அவள் எதிர்பார்க்கலை. நானும் எதிர்பார்க்கலை. கண்ணில் தண்ணி வந்துச்சு, துடைக்கலை. அப்புறம் அவளோட தள்ளுவண்டியை நானே பிடிச்சு வாசல் பக்கம் தள்ளிவிட்டேன். போன்னு கையைக் காட்டினேன்.

அழுதுக்கிட்டே சிரிச்சாள். என் உப்பின கன்னத்தைத் தொடாம, நெத்தியில் கையை வெச்சு எடுத்தாள். வண்டியைத் தள்ளிக்கிட்டு உள்ளே போனாள்.

மே 10, சனி

மத்தியானம் கொடி போன் பண்ணினாள். போய்ச் சேர்ந்தாச்சு, ரூம் நல்லா இருக்கு, ஜன்னலைத் திறந்தா வெயில் நம்ம ஊர் மாதிரியே அடிக்குதாம். ஜமீனை வீடியோவில் காட்டச் சொன்னாள். காட்டினேன். அது அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் புல்லை அரைச்சுது.

"நீ எப்படிப்பா இருக்கே?"

"வலிக்குதும்மா. கஞ்சிதான் இறங்குது. வீடு வெறிச்சோடிக் கிடக்கு."

"சரிப்பா" என்றாள். நிம்மதியாச் சொன்னாள்.